முதுகு காட்டி உட்கார்ந்தவர்

1

நான் இருப்பது நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தில், மகன் பாஸ்கர் வீட்டில். போன வாரம் இங்கே லைப்ரரிச் சுவரில் நான் வரைந்த கத்தரிக்காயை மாட்டிவிட்டார்கள். அதிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

வயசானவர்களுக்கு என்று அந்த லைப்ரரியில் புதன்கிழமைகளில் படம் வரையும் வகுப்பு நடக்கிறது. அம்மா வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறாளே என்று பாஸ்கர் என் பெயரைக் கொடுத்துவிட்டான். பேப்பர், பென்சில், கலர் எல்லாம் அவர்களே தருகிறார்கள். டீயும் பிஸ்கட்டும் உண்டு. டீச்சர் பெயர் ஹெலன். யார் எதை வரைந்தாலும் பியூட்டிஃபுல் என்பார். என் பக்கத்தில் உட்காரும் சீனத்து அம்மாள் ஒருநாள் கலர் தண்ணீரைப் பேப்பர் மேல் கவிழ்த்துவிட்டார். அதற்கும் பியூட்டிஃபுல்தான். என் கத்தரிக்காய் பார்ப்பதற்கு ஊதாக் கலர் செருப்பு மாதிரி இருந்தது. அதற்கும் ஒரு சட்டம் போட்டு, கீழே சின்ன அட்டையில் 'ஆர்ட்டிஸ்ட்' என்று அச்சடித்து, அதன் பக்கத்தில் என் பெயரையும் போட்டு மாட்டினார்கள்.

பாஸ்கர் அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டான். கைதட்டலும் பூச்செண்டும் வந்து குவிந்தன. லால்குடியிலிருந்து என் நாத்தனார் சரோஜா, அண்ணி எங்கேயோ போயிட்டீங்க என்று பேசி அனுப்பியிருந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து என் மகள் சுமதி ஒரு சிவப்பு இதயத்தை மட்டும் அனுப்பினாள்.

எனக்கு அந்தச் சுவர்ப் பக்கம் போகவே கூச்சமாக இருக்கிறது. சுமதி இருபது வருஷமாக வரைகிறாள். அந்த ஆர்ட்டிஸ்ட் என்கிற சொல்லை அவள் பெயருக்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் நான் பார்த்திருக்கிறேன். அது எப்படி வந்தது, எப்படிப் போயிற்று என்பதைத்தான் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

சுமதிக்கு நாற்பத்திரண்டு வயசு. கும்பகோணத்தில் ஓவியம் படித்தாள். அப்போதே சொந்தக்காரர்கள், பொம்பளைப் பிள்ளை படம் வரைந்து என்ன செய்யப்போகிறது என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அதிகம் பேசமாட்டார். "நான் ரயில் பெட்டிதான் செய்யறேன், அதை வீட்டுக்கா எடுத்துட்டு வரேன்?" என்று திருப்பிக் கேட்டார். அந்தப் பதில் எனக்கு அப்போது புரியவில்லை. இப்போதும் சரியாகப் புரிந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்டவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

படித்து முடித்ததும் தென்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராகச் சேர்ந்தாள். பரீட்சை வந்தால் டிராயிங் பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். அப்புறம் பரீட்சை இல்லாதபோதும் வாங்கிக்கொண்டார். கடைசியில் அந்த வேலையே தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணம் வேண்டாம் என்று அவள் ஏற்கெனவே இருந்துவிட்டாள். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் இருந்த மாடிப் போர்ஷனிலேயே பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கினாள். பிள்ளைகள் நன்றாகத்தான் வரைந்தன. பெற்றோர்கள் வந்து, போட்டிக்கு எப்போ அனுப்புவீங்க, சர்ட்டிஃபிகேட் உண்டா என்று கேட்பார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் நிறுத்திவிடுவார்கள்.

அவளுக்கு அறிவுரை சொல்லாத ஆள் திருச்சியில் இல்லை. கோயில் பக்கத்தில் படக்கடை வைத்திருப்பவர், கோபுரத்தைப் போடுங்க, யாத்திரை வர்றவங்க வாங்குவாங்க என்றார். கோபுரம் போட்டுக் கொடுத்தாள். அச்சடித்ததே இதைவிடப் பளிச்சென்று இருக்கிறதே என்று திருப்பிக் கொடுத்தார். தஞ்சாவூர்ப் படம் கற்றுக்கொள் என்றார் ஒருவர். கல்யாண வீட்டில் மருதாணி போட்டால் நல்ல வரும்படி என்றாள் இன்னொருத்தி. பாஸ்கர் இங்கிருந்து, வெப்சைட் வேண்டும் என்றான். அவனுடைய பெண் மீரா, பதினாலு வயசு, அத்தையின் படங்களை எல்லாம் போனில் ஏற்றி இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு திறந்து கொடுத்தாள். இரண்டு மாதம் மும்முரமாக இருந்தது. பிறகு மீராவுக்குப் பரீட்சை, நெட்பால் விளையாட்டு, சிநேகிதிகள். பாஸ்வேர்டு என்னவென்று கேட்டதற்கு, மறந்துபோச்சு பாட்டி என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுக் காதில் பாட்டுக் கேட்கிற அந்தப் பஞ்சு மாதிரிக் கருவியை வைத்துக்கொண்டது. இப்போது நான் தமிழில் ஒன்று கேட்டால் அதற்குத் தோள் மட்டும்தான் பதில் சொல்கிறது.

3

என் வீட்டுக்காரர் இறந்துபோனபிறகு பாஸ்கர் என்னை இங்கே அழைத்துக்கொண்டான். சுமதியையும் கூப்பிட்டான். அவள் வரவில்லை. அந்த மாடி, வடக்குப் பக்கத்து ஜன்னல் வெளிச்சம், அதெல்லாம் வேண்டும் என்றாள்.

தினம் காலையில் பால் காய்ச்சிவிட்டு எனக்குப் போன் போடுவாள். இங்கே அப்போது மதியச் சாப்பாடு முடிந்து வீட்டில் நான் மட்டும் இருப்பேன். வரைந்ததைக் காட்டுவாள். நான் நன்றாக இருக்கிறது என்பேன். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாள், "சும்மா நல்லாருக்குன்னு சொல்லாதம்மா. இதைத் தொடர்ந்து செய்யணுமா, விட்டுடணுமா, அதைச் சொல்லு" என்றாள். நான், கறிவேப்பிலைச் செடி குளிரில் பட்டுப்போயிற்று என்று வேறு பேச்சுக்குப் போனேன். நாலு வகுப்புக் கூடப் படித்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேனோ என்று அன்றைக்கெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். படித்தவர்கள் சொன்னதும் அவளுக்கு உதவவில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

முதல் தடவை இங்கே வரும்போது அவள் வரைந்த சின்னப் படம் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். காவிரிப் பாலத்தில் மழை. இந்த நாட்டு விமான நிலையத்தில் விதை, மரம், சாப்பாடு எதுவாக இருந்தாலும் எழுதிக் கொடுக்க வேண்டும். என் பருப்புப் பொடியை விட்டுவிட்டார்கள். படத்தின் மரச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெண் அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு, பூச்சி அரித்திருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பார்த்தாள். யார் வரைந்தது என்று கேட்டாள். டாட்டர் என்றேன். விலை உள்ளதா என்று கேட்டாள். அப்படிக் கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று பாஸ்கர் முன்னாலேயே சொல்லிக்கொடுத்திருந்தான். நோ வேல்யூ, பெர்சனல் என்றேன். அவள் சட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, படத்தைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தாள்.

ஹெலனிடமும் ஒருநாள் கேட்டேன். எனக்கு இங்கிலீஷ் வராததால் மீராவை அழைத்துக்கொண்டு போனேன். ஊரில் மகள் வரைகிறாள், மனசு விட்டுப்போகிறது, என்ன சொல்லட்டும் என்று கேட்கச் சொன்னேன். ஹெலன் என் கையைப் பிடித்துக்கொண்டு, நெவர் கிவ் அப் என்று சொல்லுங்கள் என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

4

இவருடைய படம் ஒன்றைச் சுமதி ரொம்ப நாளாக வரைந்துகொண்டிருந்தாள்.

இவர் உயிரோடு இருந்தபோதே, ஒரு மணி நேரம் உட்காருங்கப்பா என்று கெஞ்சுவாள். இவருக்கு யாராவது முகத்தை உற்றுப் பார்த்தால் ஆகாது. "என் மூஞ்சில என்னடி இருக்கு? முதுகை வேணா வரைஞ்சுக்கோ" என்று சொல்லி, மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவளும் விடாமல் முதுகையே வரைந்து வைத்திருந்தாள். அதை வைத்துத்தான் பிற்பாடு எண்ணெய்க் கலரில் பெரிதாக வரைந்தாள். வெற்று முதுகு, லுங்கி, முடி கொட்டிப்போன பின்னந்தலை, கழுத்து மடிப்பு. அவ்வளவுதான் படம். கோபுரம் கிடையாது.

தில்லை நகரில் சட்டம் போடும் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காரே, இதை யாருங்க வீட்ல மாட்டுவாங்க? திருப்பி உக்கார வெச்சிருக்கலாம்ல?" என்று கேட்டாராம். சுமதி போனில் அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

அந்தப் படத்தைத்தான் சென்னையில் ஒரு கண்காட்சிக்குக் கேட்டார்கள். போட்டோ பார்த்திருக்கிறார்கள், நேரில் அனுப்புங்கள், வைக்கிறோம் என்று மெயில் வந்தது. மெயிலில் 'ஆர்ட்டிஸ்ட் சுமதி' என்று இருந்தது. அதை எனக்கு அனுப்பினாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். வெளியிலிருந்து ஒருவர், உன் படம் எங்களுக்கு வேண்டும் என்று கேட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

அதே சமயத்தில் தில்லை நகரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் போடும் வேலை இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருந்தார். காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை. சுமதி ஒரு மாசம் தவணை கேட்டிருந்தாள். என்னிடம் தீர்மானமாகச் சொன்னாள். படம் சென்னைக்குப் போனால் தொடர்ந்து வரைவாள். இதுவும் இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குப் போவாள். இனி யாரையும் எதுவும் கேட்கமாட்டாள்.

இவர் திதிக்கு நான் ஊருக்குப் புறப்பட்ட சமயம் அது. பாஸ்கருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் போனேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அந்தப் படத்தைத்தான் காட்டினாள். அவளுடைய அறையில் ஸ்டாண்டில் இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றே சொல்லவேண்டும். முகம் இல்லையே என்று இருந்தது. சொல்லவில்லை. பின்னந்தலையில் மட்டும் போன வாரம் திரும்ப வேலை செய்தாளாம். அங்கே ஈரம் இருக்கிறது, தொட்டுவிடாதே, பெட்டி கட்டுவதற்குள் காய்ந்துவிடும் என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவி நான் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

5

திதியன்று சரோஜா முதல் பஸ்ஸிலேயே லால்குடியிலிருந்து வந்துவிட்டாள். இவருக்கு ஒரே தங்கை. கையில் வாழை இலைக் கட்டும் மல்லிகைச் சரமும். அவளுக்கு முழங்கால் வலி, ஆற்றுப் படி இறங்க முடியாது. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க அண்ணி, நான் படையலுக்கு எடுத்து வைக்கிறேன் என்றாள். நானும் சுமதியும் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் போய், ஐயரிடம் அரிசியும் காய்கறியும் கொடுத்து, மாட்டுக்கு அகத்திக்கீரை போட்டுவிட்டு ஆட்டோ பிடித்துத் திரும்பினோம்.

மாடிப்படியிலேயே சாம்பிராணி வாசனை. ஹாலில் இவருடைய போட்டோவைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூப் போட்டிருந்தாள். அது ஸ்டுடியோக்காரர்கள் கம்ப்யூட்டரில் கோட்டும் டையும் மாட்டிவிட்ட போட்டோ. அதன் பக்கத்தில், முக்காலி மேல், சுமதி வரைந்த படம் இருந்தது.

படத்தின் மேல் விளிம்பில் மல்லிகைச் சரத்தைக் குண்டூசியால் குத்தியிருந்தாள். நெற்றி இல்லாத ஆளுக்குப் பொட்டை எங்கே வைப்பது? பின்னந்தலையின் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தாள். குங்குமம் கழுத்து வரைக்கும் மெதுவாக இறங்கியிருந்தது.

சுமதி கதவருகிலேயே நின்றுவிட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

சரோஜா தரையில் உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் அழுவது போல இல்லை. சத்தமே இல்லாமல் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"போட்டோவுல இருக்கறவரு யாரோ கலெக்டரு மாதிரி இருக்காரு அண்ணி. எங்கண்ணன் என்னிக்குக் கோட்டு போட்டாரு? இதுதான் எங்கண்ணன். வலது தோளு இறங்கியிருக்கு பாருங்க. பாய் எடுக்கலாம்னு உள்ள போனேன். உக்காந்திருந்தாரு" என்றாள். பிறகு சுமதியைப் பார்த்து, "ஏண்டி, அப்பாவை ரூமுக்குள்ள போட்டு, ஒரு பொட்டு பூ இல்லாம இத்தனை நாளா வெச்சிருந்தியே?" என்று கேட்டாள்.

சுமதி உள்ளே வந்து, "தெரியல அத்தை. இலை போடறேன், காக்காய்க்கு வெச்சுட்டு நீங்க சாப்பிடுங்க" என்றாள்.

மூன்று பேரும் சாப்பிட்டோம். அந்தப் படத்துக்கு எதிரில்தான் உட்கார்ந்து சாப்பிட்டோம். சரோஜாவுக்கு அண்ணனைப் பற்றிப் பேசி முடியவில்லை. சுமதி அவளுக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றினாள்.

6

சரோஜா கண்ணயர்ந்ததும் சுமதி பஞ்சையும் ஏதோ எண்ணெயையும் எடுத்துக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்தாள். மேலே இருந்த சந்தனம் வந்துவிட்டது. குங்குமம் ஈரக் கலரில் இறங்கிப் பிடித்திருந்தது. துடைக்கத் துடைக்கச் சிவப்பு பரவியது. கூடவே அடியில் இருந்த தலையும் பஞ்சோடு வந்தது. நிறுத்திவிட்டாள். பஞ்சை மடித்துப் பேப்பரில் வைத்தாள்.

சரோஜாவிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா என்று கேட்டேன்.

"எதைம்மா சொல்றது? என் படத்தைப் பாத்து ஒருத்தராவது அப்படி உக்காரணும்னுதானே இத்தனை வருஷம் வரைஞ்சேன். உக்காந்துட்டாங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சரோஜா எழுந்து வந்து பார்த்தாள். அடடா, பொட்டு அழிஞ்சுபோச்சே என்று சொல்லிக் குங்குமச் சிமிழைத் தேடி எடுத்து வந்தாள். இந்தத் தடவை முன்னதைவிடப் பெரிதாக வைத்தாள். சுமதி தடுக்கவில்லை. படம் நிலையாக இருக்கும்படி விளிம்பைப் பிடித்துக்கூடக் கொடுத்தாள்.

போகும்போது சரோஜா, இதை நான் எடுத்துட்டுப் போகட்டுமாடி என்று கேட்டாள். சுமதி தன் போர்வையாலேயே சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸில் கண்டக்டர், என்னம்மா இவ்ளோ பெருசா, லக்கேஜ் போடணும் என்றாராம். எங்கண்ணன்பா என்றாளாம் சரோஜா. அவர் ஓர் ஆளை எழுப்பிவிட்டு அந்த சீட்டில் படத்தை வைக்கச் சொன்னாராம். இன்றைக்கும் லால்குடியில் அது சாமி அலமாரிக்குப் பக்கத்தில் சீரியல் பல்பு போட்டு இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பொட்டு. தலையே தெரியாத அளவுக்குச் சிவந்துவிட்டது. அவளிடம் நாங்கள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு வாட்ஸப்பில் வருவதைத்தான் பார்க்கத் தெரியும், இதைப் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அந்தப் படத்தை அனுப்ப முடியாது என்று சுமதி சொன்னதும், சென்னையிலிருந்து மரியாதையாகத்தான் பேசினார்கள். வேறு படம் இருந்தால் அனுப்புங்கள் என்றார்கள். இரண்டு அனுப்பினாள். பதில் வரவில்லை. அவள் கேட்டபிறகு, அடுத்த முறை பார்க்கலாம் என்று வந்தது. அந்தப் பதிலில் வெறும் சுமதி என்றுதான் இருந்தது.

நான் திரும்புவதற்கு முந்தைய நாள் துணி மடித்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று தவித்தேன். உன் அத்தை அழுதாளே, அது பெரிய விஷயமில்லையா என்று சொல்ல நினைத்தேன். அதை அவளே சொல்லியாகிவிட்டது. அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். அவர் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார், சட்டம் அடித்துக் கொடுத்திருப்பார். கடைசியில், இங்கே கற்றுக்கொண்டு போனதையே சொன்னேன். நெவர் கிவ் அப்.

சுமதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஹெலனுக்கு தேங்க்ஸ் சொல்லும்மா" என்றாள். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியெல்லாம் படம் வரையும் ஸ்டாண்டில் காய்ந்தவை.

படம் வரைகிற பிள்ளை உள்ள வீடுகள் ஊரில் வேறு எத்தனையோ இருக்கும். தைரியமாகச் செய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விட்டுவிடு என்றும் வரவில்லை. யாருக்காவது அந்த நடுவில் சொல்ல ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் நல்லது. எனக்குக் கிடைக்கவில்லை.

7

இப்போது அவள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்கிறாள். மற்ற நாள் எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டு வரிசையாக உட்கார வைத்திருப்பார்களாம். பாதிப் பேர் அவளைக் கேட்பது, என் நம்பர் வந்திருச்சா, எனக்குத் தெரியலியே என்றுதானாம். வேலை கஷ்டமில்லை, எல்லாரும் நல்ல மாதிரி என்கிறாள். வகுப்பை நிறுத்திவிட்டாள். என்னிடம் எதுவும் கேட்பதில்லை. முன்பு அவள் கேட்கும்போது எப்போது போனை வைப்பாள் என்று இருக்கும். இப்போது கேட்கமாட்டாளா என்று இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை நானே ஆரம்பித்தேன். அதே படத்தைத் திரும்ப ஒரு தடவை வரையேன், பென்சிலில் வரைந்ததெல்லாம் உன்னிடம்தானே இருக்கிறது என்றேன். லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"வரைஞ்சேம்மா. லீவு நாள்ல உக்காந்து வரைஞ்சு முடிச்சேன். தோளு சரியா வந்திருக்கு. கழுத்து மடிப்புகூட அப்படியே வந்திருக்கு. ஆனா உக்காந்திருக்கறது அப்பா இல்ல. வேற யாரோ."

அதை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சுட்டேன்" என்றாள்.